நெற்றியில் ஒரு காசுத் தடம்

"ரெண்டு காலையும் ஒண்ணாச் சேத்துப் புடிங்க தங்கச்சி" என்றார் ராஜன்.

மதுமிதா அப்பாவின் கணுக்கால்களைச் சேர்த்துப் பிடித்தாள். குளிப்பாட்டி, புது வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்தி, கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஈமச்சடங்கு வேலைக்கு வந்திருந்த ராஜன் ஒரு வெள்ளைத் துணிக் கீற்றைக் கால் பெருவிரல்களில் சுற்றினார். முடிச்சு நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் நழுவியது. மதுமிதாவின் கை தானாகப் போய்க் கீற்றை வாங்கியது. விரல்களைச் சுற்றி எட்டு போட்டது, நடுவில் ஒரு சுற்றுக் கொடுத்தது, இழுத்தது. விரல்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"அட, கச்சிதமா கட்டுறீங்களே. யாரு சொல்லிக் குடுத்தா?"

சொல்லிக் கொடுத்தவர் அங்கேதான் படுத்திருந்தார். அதை எப்படிச் சொல்வது? "யூடியூப்ல பாத்தேன்ணே" என்றாள். ராஜன் நம்பிவிட்டார். யூடியூபில் இல்லாதது என்ன இருக்கிறது.

பிறகுதான் அந்தத் துணியைச் சரியாகப் பார்த்தாள். ஓரத்தில் நீலமாக ஒரு மைக்கறை. அவளுடைய மார்க்கர் பேனாவின் மை. ஏழு வாரத்துக்கு முன்னால் அவளே இந்தத் துணியைப் பின்கட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தாள். இப்போது துவைத்து மடித்து வந்திருக்கிறது.

"இந்தத் துணி எங்கேருந்துண்ணே?"

"அம்மாதான் உள்ளேருந்து கொண்டாந்து குடுத்தாங்க. நம்ம துணி வேன்லயே கெடக்கு லா."

அம்மா சீதாலெட்சுமி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மகளைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுமிதா சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பேய்க்கதை எழுதுகிறவளுக்குப் பயமே இருக்காது என்று கிள்ளான் முழுக்கச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

மதுமிதா பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு பேய்க்கதைகளைப் படக்கதைப் புத்தகங்களாகச் செய்கிறவள். எழுத்து அவளுடையது, படம் யுவராஜுடையது. இரண்டு புத்தகங்கள் ஆங்கிலத்தில் வந்து ஓரளவு ஓடின. மூன்றாவதைத் தமிழில்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்றபிறகுதான் தெரிந்தது, தமிழ்ப் பேய்க்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று. ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடிகிற பேச்சு தமிழில் மூன்று வரி ஓடியது. பேச்சுக் குமிழி ஊதிப் பெருத்துப் பேயின் முகத்தையே மூடியது. "உன் பேய் வாயத் தொறந்தா பாதி பேஜ் போயிடுது லா மது" என்று யுவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். அதற்கு வழி சொன்னவர் அப்பா சபாபதி. "பேய் எதுக்கும்மா பேசணும்? சும்மா நிக்கட்டும்." நாற்பது வருஷம் பந்திங் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டிய மனிதர். ஒரு பேயையும் அவர் கண்டதில்லை. ஆனாலும் மகள் எழுதிய எல்லாவற்றுக்கும் முதல் வாசகர் அவர்தான்.

பேச்சுப் பிரச்சினை தீர்ந்ததும் கடைசிப் பக்கம் பிரச்சினை ஆனது. சினிமா என்றால் டமார் என்று ஒரு சத்தம் போதும். புத்தகத்தில் சத்தமும் கிடையாது, இருட்டும் கிடையாது. வாசிக்கிறவர் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், தன் இஷ்டத்துக்கு வேகமாகவோ மெதுவாகவோ போவார். எழுதுகிறவள் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எதை வைப்பது, தாளைத் திருப்பினால் எதைக் காட்டுவது. மதுமிதாவின் கதையில் தொண்ணூற்றைந்தாம் பக்கக் கடைசியில், இறந்துபோன அப்பாவின் முகத்தருகே மகள் குனிகிறாள். திருப்பினால் பக்கம் முழுக்க அந்த முகம், கண்கள் திறந்திருக்கும். யுவராஜ் அதைப் பதினொரு தடவை வரைந்தான். பதினொரு தடவையும் மதியத் தூக்கம் கலைந்து காப்பி கேட்கிற ஆள்தான் வந்தார்.

"நெசமான ஆள வெச்சு போட்டோ எடுத்துக் குடு. எனக்குப் பொணம் எப்படி இருக்கும்னே தெரியல" என்றான் யுவராஜ்.

அம்மா பந்திங்கில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் மதுமிதா கிள்ளானுக்கு, அப்பா வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. அந்தத் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர். "பொணந்தானே, அதுக்கு வெளியாளு எதுக்கு? நான் படுக்கிறேன்." பழைய வேட்டியைக் கிழித்துக் கீற்று எடுத்தார். "தலை தெக்க இருக்கணும், மறந்துடாத." விரலில் எட்டு போடச் சொல்லிக் கொடுத்தார். மூக்கில் பஞ்சு வைத்தார். சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் அப்பி அதன்மேல் ஐம்பது சென் காசு ஒன்றை ஒட்டினார். இதே கூடம், இதே தரை.

நாற்பத்திரண்டு படங்கள் எடுத்தாள். "போதும்ப்பா, எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, போதும்."

மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். காற்றில் சட்டைதான் அசைந்தது. பத்து வருஷமாக எழுத முயன்ற பயம் அப்போது அவளுக்கே வந்தது. தோளைத் தொடக் கையை நீட்டினாள். அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பஞ்சு பறந்தது, காசு உருண்டு அலமாரிக்கு அடியில் ஓடியது. பயத்தில் அவள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. நாற்பத்துமூன்றாவது படம் அது.

"நீ கண்ணத் தொறக்க வெச்சா சிரிப்புதாம்மா வரும்" என்றார் அப்பா. "நான் தொறக்காம கெடந்தேன் பாரு, அப்பதான் உன் மூஞ்சி வெளுத்துச்சு."

"ஒண்ணுமே நடக்கலேன்னா வாசிக்கிறவங்க புத்தகத்தத் தூக்கிக் கடாசிடுவாங்கப்பா."

"என்னமோ போ. துணிய வெளிய போட்டுடு, வீட்ல வெக்காத. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத, அவ என்னை நெசமாவே பொணமாக்கிடுவா."

அந்த நாற்பத்துமூன்றாவது படம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மார்புக்குக் கீழே வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். சித்தி இந்திரா "மாமா பத்து வயசு கொறஞ்சிட்டீங்க" என்று இதயக்குறி போட்டாள். அப்பாவும் மகளும் அதைப் பார்த்துப் பார்த்துத் தொலைபேசியில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு கூசியது.

"காசு ஒண்ணு வேணும்" என்றார் ராஜன், சந்தனத்தைக் குழைத்தபடி.

"இங்கயே ஒண்ணு கெடக்குண்ணே" என்று அண்ணன் ஜீவன் குனிந்து எடுத்தான். பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று காலையில்தான் அலமாரியை நகர்த்தியிருந்தார்கள். ஐம்பது சென் காசு. ஒரு பக்கத்தில் சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ராஜன் அதைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே நெற்றியில் பதித்தார். தடுக்க நீட்டிய கையை மதுமிதா மடக்கிக்கொண்டாள்.

பத்து மணிக்குமேல் கூட்டம் வரத் தொடங்கியது. வாசலில் கூடாரத்துக்குக் கீழே நாற்காலிகள் நிறைந்தன. பக்கத்து வீட்டு சீன அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகூப்பி நின்றுவிட்டுப் போனார். தேவாரம் பாட இரண்டு பேர் வந்தார்கள். ஜீவன் சட்டமிட்ட பெரிய படத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடையிலிருந்து வந்தான்.

"அப்பாவோட வாட்ஸ்அப் படம். இதவிட நல்லது எதுவும் கெடைக்கல லா."

தலைமாட்டில் படத்தை நிறுத்தினார்கள். வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: உயிரோடு பார்க்கிற மாதிரி இருக்கிறது. மதுமிதாவுக்கு அந்தச் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தாண்டி இருப்பதும் தெரிந்தது. கட்டிய கால்விரல்கள், தரையில் விழுந்த பஞ்சு. கைபேசியில் தெரியாதது ஒன்று இந்தப் பெரிய அளவில் தெரிந்தது. சிரிக்கிற முகத்தின் நெற்றியில், சந்தனத்துக்கு நடுவே, வட்டமாக ஒரு காசுத் தடம்.

அவள் போய் அம்மாவுக்கும் படத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கால் மரத்துப்போனாலும் நகரவில்லை.

சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "எப்படிக்கா? நேத்து காலைல எனக்கு மெசேஜ் போட்டாரே!"

"பாசார்லேருந்து மீன் வாங்கிட்டு வந்தாரு" என்றாள் அம்மா. காலையிலிருந்து இதைப் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பாள், குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஃபேனப் போட்டுட்டு இங்கதான் படுத்தாரு. தேத்தண்ணி வேணுமான்னு கேட்டேன், பதில் இல்ல. மறுபடியும் கேட்டேன். எப்பவும் பண்றதுதானேன்னு நெனச்சு மீனக் கழுவப் போயிட்டேன்."

மதுமிதா எழுந்து சமையற்கட்டுக்கு வந்தாள். ஜீவன் அங்கே தண்ணீர்ப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"எப்பவும் பண்றதுன்னா? அம்மா என்ன சொல்றாங்க?"

"உனக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா அப்பாவுக்கு இதே விளையாட்டு. கண்ண மூடி, கையெல்லாம் சேத்து வெச்சுப் படுத்துக்குவாரு. அம்மா பயந்து கிட்ட வந்தா எந்திரிச்சு சிரிப்பாரு. அம்மா மொதல்ல அழுதாங்க, அப்பறம் திட்டுனாங்க, அப்பறம் கண்டுக்கிறதையே விட்டுட்டாங்க." அவன் ஒரு புட்டியைத் திறந்து குடித்தான். "அவருக்கு எங்கேருந்துதான் இந்தப் புத்தி வந்துச்சோ."

குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உறைபெட்டியில், நெகிழி டப்பாவுக்குள், செதில் நீக்கி, வயிறு கீறி, சுத்தமாகக் கழுவிய கெம்போங் மீன்கள் வரிசையாக இருந்தன. ஆறு மீன். ஆறு மீனைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று அப்போது அவள் மனத்தில் ஓடியது. மாரடைப்பு, உடனே போயிருப்பார் என்று மருத்துவர் சொன்னதெல்லாம் எங்கோ போயிற்று. குளிர்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

கைபேசி அதிர்ந்தது. யுவராஜ். 'மதியம் வரேன். பதிப்பகத்துல கடைசிப் பக்கம் கேட்டாங்க, நான் பாத்துக்கிறேன். நீ எதையும் யோசிக்காத.' அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டு மணிக்குப் பெட்டியில் வைத்தார்கள். வாய்க்கரிசி போட வரிசையாக நின்றார்கள். அம்மா போட்டாள், ஜீவன் போட்டான், அவனுக்குப் பின்னால் மதுமிதா. அரிசியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தபிறகு உறைத்தது. தொண்ணூற்றைந்தாம் பக்கம், கடைசிக் கட்டம். தலை சாய்ந்த கோணம், முடி முன்னால் விழுவது, முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, எல்லாம் அவள் எழுதிக் கொடுத்தபடி இருந்தது. இனித் தாளைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

"போதும்ப்பா" என்றாள், உதடு மட்டும் அசைய. "எந்திரிங்க."

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. காற்றில் சட்டையின் மார்புப்பகுதி மெல்ல எழுந்து அடங்கியது. இமையையே பார்த்தாள். ஒரு கணம் இடது இமை துடிக்கிற மாதிரிகூட இருந்தது. இப்போது சிரிப்பார், காசு உருளும், கூட்டம் அலறும், அம்மா அவரைத் திட்டித் தீர்ப்பாள். அப்படி நடக்கவேண்டும் என்று உலகத்தில் எதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பின்னால் வரிசை காத்திருந்தது. தேவாரம் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

கண் திறக்கவில்லை.

"தங்கச்சி, நேரமாச்சு" என்றார் ராஜன் தாழ்ந்த குரலில்.

அரிசியைப் போட்டாள். அதில் கொஞ்சம் அப்பாவின் சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது, அதைத் தட்டி எடுத்தாள்.

வேன் மின்சுடலைக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் போனார்கள். யுவராஜும் நனைந்துகொண்டே வந்து ஜீவனோடு ஏறினான். வீட்டிலிருந்த பெண்கள் கூடத்தைக் கழுவித் தள்ளினார்கள். நாற்காலிகள் போயின, அலமாரி பழைய இடத்துக்கு வந்தது. சித்தி குளிக்கப் போனாள். சாயங்கால வெளிச்சத்தில் ஈரத் தரை மேல் அம்மாவும் மதுமிதாவும் மட்டும் இருந்தார்கள். படத்தைச் சுவரோரம் ஒரு முக்காலியில் வைத்து, மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாயிற்று. அம்மா சிறு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று மதுமிதாவுக்குத் தோன்றியது.

"அம்மா, அந்தப் படம்..."

"தடம் தெரியுது" என்றாள் அம்மா.

"என்னது?"

"காசு வெச்ச தடம். நெத்தியில. காலைலயே பாத்தேன், நீ வந்து மறைச்சு ஒக்காந்துட்ட." மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். "உங்கப்பா வாயில எதுதான் நின்னுருக்கு? நான் பந்திங்லேருந்து வந்து செருப்பக்கூடக் கழட்டல, அதுக்குள்ள எல்லாத்தையும் படுத்து நடிச்சுக் காட்டிட்டாரு. துணிய நான்தான் குப்பையிலேருந்து எடுத்தேன். நல்ல வேட்டி, அதப் போய்க் கிழிச்சு வெச்சிருக்கீங்க."

"நான்தாம்மா அவரப் படுக்க வெச்சேன்."

வெளியே மழை ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆறு மீனு" என்றாள் அம்மா. "ஆறையும் கழுவி முடிச்சுட்டுத்தான் வந்தேன். 'அதான் தெரியுதே, எந்திரிங்க'ன்னு இங்க நின்னு சிரிச்சேன் மது. சிரிச்சேன்."

மதுமிதா நகர்ந்து வந்து அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். அம்மா கையை நீட்டி, கண்ணாடியில் காசுத் தடத்தின்மேல் சரியாகச் சந்தனப் பொட்டை வைத்தாள். தடம் மறைகிற வரைக்கும் விரலால் வட்டமாகத் தேய்த்தாள். பிறகு குங்குமச் சிமிழை மகளிடம் நீட்டினாள். "நீ வை."

மதுமிதா சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைத்தாள். கொஞ்சம் அப்பாவின் புருவத்தில் உதிர்ந்தது.

"அந்தப் புத்தகத்துல அவரு எங்க வராரு?" என்று அம்மா கேட்டாள்.

"கடைசிப் பக்கத்துல."

"எந்திரிக்கிறாரா?"

மதுமிதா கைபேசியை எடுத்தாள். 'தொண்ணூத்தாறாவது பக்கத்துல கண்ண மூடியே வரை. பேச்சு வேணாம், எதுவும் வேணாம்' என்று யுவராஜுக்கு எழுதி அனுப்பினாள்.

இருவரும் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அப்பாவின் மார்பின்மேல் மாலை மெல்ல எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. அம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.